கொழும்புக்கு 3 மில்லிசெக்கன்

"பிங் எவ்வளவு காட்டுது?"

ஆட்டம் தொடங்க முதல் எங்களுக்குள் வாற முதல் கேள்வி இதுதான். சாப்பிட்டியா, படிச்சியா எல்லாம் பிறகு. லிங்கநகரில் எங்கட ஒவ்வொரு வீட்டிலும் சிக்னல் நல்லா வாற ஒரு மூலை இருக்கு. ஒருத்தருக்கு அது கிணத்தடி. ஒருத்தருக்கு முன் விறாந்தைத் தூணடி. இன்னொருத்தருக்கு, சொன்னால் சிரிப்பீர்கள், சாமி அறை வாசல். நாலு பேரும் நாலு வீட்டு மூலையில் குந்திக்கொண்டு கேட்போம்.

"எனக்கு எழுபத்தெட்டு."

"நூற்றிப்பத்து."

"சிவப்பு மச்சான். நீங்கள் முன்னுக்குப் போங்கோ, நான் பின்னால வாறன்."

சிவப்புக் காட்டுற ஆள் அண்டைக்கு முன்னுக்குப் போகக்கூடாது. அது எங்கட அணியின் எழுதாத சட்டம்.

கேம் விளையாடாத ஆக்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். நாங்கள் விளையாடுவது பப்ஜி மொபைல். போட்டி என்று வந்தால் ஒரு ஆட்டத்தில் 16 அணிகள், அணிக்கு 4 பேர், மொத்தம் 64 பேர். எல்லாரும் ஒரு தீவில் இறங்குவார்கள். வட்டம் சுருங்கச் சுருங்க உள்ளே போகவேண்டும். கடைசி வரை நிற்கிற அணிக்கு 10 புள்ளி, அடுத்த அணிக்கு 6, அப்படியே குறைந்துகொண்டு போகும். எதிராளி ஒருவரை விழுத்தினால் கில் ஒன்றுக்கு 1 புள்ளி. பல ஆட்டங்களின் புள்ளியைக் கூட்டி வெற்றியாளரை எடுப்பார்கள். ஒரு நாளில் அதிர்ஷ்டத்தால் ஒரு ஆட்டம் வெல்லலாம், சுற்றுப்போட்டி வெல்ல ஏலாது.

பிங் என்பது எங்கட விரல் இட்ட கட்டளை சேர்வருக்குப் போய்த் திரும்பி வர எடுக்கிற நேரம். மில்லிசெக்கனில் அளப்பார்கள். ஒரு செக்கனை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு. எதிராளி கதவால் எட்டிப் பார்க்கிறான் என்று வையுங்கோ. அவன் எங்கட போனில் தெரிய முதல் நாங்கள் அவன்ட போனில் தெரிஞ்சிட்டம். அவ்வளவுதான் விஷயம். மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

எங்களில் ஒருவர் ஏ.எல்லில் பௌதிகவியல். ஒருநாள் கரண்ட் இல்லாத பின்னேரம், சும்மா இருந்து கணக்குப் போட்டார். கண்ணாடி நாருக்குள் ஒளி செக்கனுக்குக் கிட்டத்தட்ட 2 லட்சம் கிலோமீற்றர் போகும். அப்படியென்றால் ஒரு மில்லிசெக்கனுக்கு 200 கிலோமீற்றர். சேர்வர் சிங்கப்பூரில் இருக்கு என்று வைத்தால், திருகோணமலையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 2,600 கிலோமீற்றர். போய்வர 5,200. அதுக்கு 26 மில்லிசெக்கன். அதற்குக் கீழே எந்தக் கம்பனியாலும் இறக்க ஏலாது.

பிறகு படத்தைப் பார்த்தோம். சிங்கப்பூர் எங்களுக்குக் கிழக்கே. கடற்கரையில் நின்று நேரே பார்த்தால் அந்தப் பக்கம்தான். ஆனால் இலங்கைக்கு வாற கடலடிக் கேபிள்கள் கரையேறுவது கல்கிசை, கொழும்பு, மாத்தறை. எல்லாம் மேற்கிலும் தெற்கிலும். எங்கட தரவு முதலில் தீவைக் குறுக்காகக் கடந்து மற்றக் கரைக்குப் போய், அங்கே கடலில் இறங்கி, திரும்பவும் கிழக்கே வரவேண்டும். கடலை வாசலில் வைத்துக்கொண்டு பின்கதவால் போகிற மாதிரி.

"இதுதான் காரணம்! கொழும்பால சுத்திப் போறதாலதான் எங்களுக்குச் சிவப்பு" என்று எல்லாரும் துள்ளினோம். அவர் அதையும் கணக்குப் போட்டார். திருகோணமலை கொழும்பு வீதி சுமார் 260 கிலோமீற்றர். போய்வர 520. இரண்டு நூறால் பிரித்தால் 2.6.

3 மில்லிசெக்கன்கூட இல்லை.

எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். 50, 60 வரும் என்று எதிர்பார்த்தோம். அப்ப மிச்சச் சிவப்பு எங்கேயிருந்து? இரவு எட்டு மணிக்கு ஒழுங்கை முழுக்க ஒரே டவரில் நாடகம் பார்க்கிறது ஒரு காரணம். எங்கட பழைய போன் இன்னொரு காரணம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்களில் டவருக்கும் பற்றரி இறங்கிவிடும், அது வேறு கதை. ஆனால் தூரம் காரணம் இல்லை. கொழும்புப் பெடியனுக்கும் லிங்கநகர்ப் பெடியனுக்கும் இடையில், கேபிளின் கணக்கில், 3 மில்லிசெக்கன்தான் வித்தியாசம்.

பிறகு அந்த ஏமாற்றமே சந்தோஷமாக மாறியது. கிரிக்கெட் என்றால் புல்வெளி மைதானம் வேணும், பயிற்றுநர் வேணும், கொழும்புக் கழகத்தில் ஆரையும் தெரிந்திருக்க வேணும். இதற்கு அது ஒன்றும் தேவையில்லை, 3 மில்லிசெக்கன்தான் தடை என்று ஒரு வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தோம். அந்தக் கணக்கு சரி. ஆனால் அதை வைத்து நாங்கள் நம்பினது பிழை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

எங்களுக்கு முந்திய செட் அண்ணைமார் நெட் கஃபேயில் மணித்தியாலக் காசு கட்டி கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாடின ஆக்கள். எங்கட கைக்குக் கேம் வந்தது 2020இல். கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டி, சூமில் வகுப்பு தொடங்கியது. வீட்டில் நல்ல போன் இல்லை. எங்களில் ஒருவரின் அம்மா காப்பைக் கொண்டுபோய் அடகு வைத்துப் போன் வாங்கித் தந்தவ. படிக்கத்தான். படிச்சோம் என்றுதான் நாங்களும் சொல்லுவோம். ஆனால் அந்தக் காப்பு மீள மூன்று வருஷம் போனது, அதற்குள் அந்தப் போனில் எத்தனை ஆட்டம் விளையாடப்பட்டது என்பதை அம்மாவுக்குச் சொல்ல எங்களுக்கு இன்றும் முகம் இல்லை.

அம்மாமாருக்குக் காசைவிட இன்னொன்று பிடிக்காது. சத்தம். ஹெட்செட் பழுதான நாளில் போன் ஸ்பீக்கரில் வெடிச்சத்தம் கேட்கும். நாங்கள் சத்தத்தைக் கேட்டு இது எந்தத் துவக்கு, எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று சொல்லுவோம். அது இந்த விளையாட்டில் ஒரு திறமை. ஒருநாள் அம்மா ஒருவர் குசினிக்குள் இருந்து, "இதெல்லாம் நாங்களும் சொல்லுவம், எங்களுக்கு ஆரும் கப் தரேல்ல. சத்தத்தக் குறை" என்றா. எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஹெட்செட் திருத்தினோம்.

பிறகொருநாள் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியைப் பார்த்தோம். 2023இல் நடந்தது. மின்விளையாட்டுக்கு முதல் முறையாக உண்மையான பதக்கம், 7 தங்கம். அதில் பப்ஜி மொபைலும் இருந்தது, ஆனால் அதற்கென்றே செய்த வேறு வடிவம். ஆளை ஆள் சுடுவது இல்லை. அணிகள் வாகனத்தில் ஓடி, வழியில் உள்ள இலக்குகளைச் சுட்டு, யார் வேகமாக முடிப்பது என்று போட்டி. எங்கட பெடியள் பலர் "இதென்ன பப்ஜி" என்று சிரித்தார்கள். அந்த அம்மாவுக்குக் காட்டினோம். "இது பரவாயில்ல" என்றா.

அதே போட்டியில் லீக் ஒஃப் லெஜன்ட்ஸ் தங்கம் தென்கொரியாவுக்கு. அதனால் அந்த அணி வீரர்களுக்குக் கட்டாய இராணுவ சேவையில் விலக்கு கிடைத்தது. ஒரு நாடு விளையாட்டென்று ஏற்றுக்கொண்டால் ஒரு பெடியனின் வாழ்க்கையில் ஒன்றரை வருஷம் திரும்பக் கிடைக்கும். எங்கட நாட்டிலும் 2019இல் விளையாட்டுத்துறை அமைச்சு மின்விளையாட்டை ஒரு விளையாட்டாக ஏற்றிருக்கிறது. எங்கட வீடுகளுக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. அதற்குப் பிங் கூட.

*

சம்பளத்துக்கு விளையாடுகிற அணியாக வரவேண்டும் என்ற ஆசை எங்களுக்கும் இருந்தது. ஒளிக்க ஒன்றும் இல்லை. சம்பளம், பயிற்றுநர், எதிரணியின் ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்க ஒரு ஆள், ஐந்து பேரும் ஒரே வீட்டில் இருந்து பயிற்சி. இந்தியாவின் அணிகளை யூடியூப்பில் பார்த்து வளர்ந்த ஆக்கள் நாங்கள். லொபியில் தமிழ்நாட்டுப் பெடியள் அடிக்கடி வருவார்கள். எங்கட தமிழைக் கேட்டதும் "ப்ரோ நீங்க சிலோனா?" என்பார்கள். "ஓம் ஓம்" என்றால் அந்த "ஓம்"முக்கே அஞ்சு நிமிஷம் சிரிப்பார்கள். மதுரைப் பக்கத்தில் ஒருவர் எங்களோடு மூன்று மாதம் விளையாடினார். முகம் தெரியாது.

2020 செப்டெம்பர் 2ஆம் திகதி இந்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அதில் பப்ஜி மொபைலும் ஒன்று. ஒக்டோபர் 30ஓடு அங்கே சேவை முழுதாக நின்றது. மதுரை அண்ணையின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது, அவ்வளவுதான். 2021 ஜூலையில் இந்தியாவுக்கென்று தனியாகப் பி.ஜி.எம்.ஐ வந்தது. அது அவர்களுக்கு மட்டும். 2022 ஜூலையில் அதையும் தூக்கினார்கள், 2023 மே மாதம் திரும்பவும் விட்டார்கள். அந்தப் பத்து மாதமும் அந்த அணிகள் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கோ. காயம் இல்லை, வயது போகவில்லை, தோற்கவும் இல்லை. விளையாட்டு மட்டும் இல்லை.

அப்போதுதான் எங்களுக்கு ஒன்று விளங்கியது. கால்பந்து ஒருவருக்கும் சொந்தமில்லை. மைதானத்தைப் பூட்டினால் கடற்கரையில் விளையாடலாம், பந்து இல்லையென்றால் சேலைத் துணியைச் சுருட்டி அடிக்கலாம். எங்கட விளையாட்டு ஒரு கம்பனியின் சொத்து. விதியை அவர்கள் மாற்றலாம், துவக்கின் பலத்தை ஒரு அப்டேட்டில் குறைக்கலாம், கடையையே பூட்டலாம்.

பரிசுப் பணமும் அப்படித்தான். டோட்டா 2 விளையாட்டின் உலகப் போட்டி த இன்டர்நெஷனல். 2011இல் ஜேர்மனியின் கொலோன் நகரில் தொடங்கியபோது மொத்தப் பரிசு 16 லட்சம் டொலர், அப்போதே அது உலக அதிசயம். 2021இல் புகாரெஸ்டில் 4 கோடி டொலர். முதலிடம் பிடித்த ரீம் ஸ்பிரிட்டுக்கு மட்டும் 1 கோடி 80 லட்சத்துக்கு மேல். இந்தப் பணம் எங்கேயிருந்து வந்தது? பெரும்பகுதி ரசிகர்களின் பொக்கெட்டிலிருந்து. விளையாட்டுக்குள் விற்கிற பட்டில் பாஸின் வருமானத்தில் நாலில் ஒரு பங்கைக் கம்பனி பரிசோடு சேர்த்தது. 2023இல் அந்த முறையை மாற்றினார்கள். பரிசு 32 லட்சம் அளவுக்கு விழுந்தது. வீரர்கள் அதே வீரர்கள், திறமை அதே திறமை.

இதைச் சொல்வது ஆசையைக் குழப்ப இல்லை. ஏ.எல்லை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கப்போகிறேன் என்கிற தம்பிமார் எங்களிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல எங்களிடம் இருப்பது இந்தக் கணக்குத்தான்.

எங்கட முதல் தலைவர் அப்படி விடவில்லை. வட்டம் எங்கே சுருங்கும், எந்த மலையை முதல் பிடிக்கவேண்டும் என்பதை எங்களுக்குப் படிப்பித்தவர் அவர். 2023இல் வேலைக்கு ரியாத் போய்விட்டார். அடுத்த வருஷம் ஜூலையில் அதே நகரத்தில் ஈஸ்போர்ட்ஸ் உலகக் கிண்ணம், மொத்தப் பரிசு 6 கோடி டொலர். குரூப்பில் அவருடைய வொய்ஸ் வந்தது: "மச்சான், கம்பனி பஸ்ஸில போகேக்க பெரிய போர்ட் கண்டனான். எங்கட கேமும் இருக்காம். வெள்ளிக்கிழமை லீவு கிடைச்சா போய்ப் பாக்கோணும்." வெள்ளிக்கிழமை ஓவர்டைம் போட்டார்கள். அவர் போகவில்லை. நாங்களும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

*

இப்போது நாங்கள் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

கொழும்பில் போட்டி நடத்துகிற ஆக்கள் கனபேர். கேமர்.எல்கே 2007இலிருந்து இருக்கிறது, பாடசாலைகளுக்கு, பல்கலைக்கழகங்களுக்கு, கம்பனிகளுக்கு என்று தனித்தனியாக நடத்துகிறார்கள். நாங்கள் போனது அது இல்லை, வேறொரு சின்னச் சுற்றுப்போட்டி. தகுதிச் சுற்று ஒன்லைனில். இறுதி 16 அணிகளும் கொழும்பில் ஒரு மண்டபத்தில் நேரில்.

தகுதிச் சுற்றில் தெரிவானோம். நாலு ஆட்டத்தில் எங்கட அணி எடுத்த கில் 31. அதில் 14 எங்கட நாலாவது ஆளுடையது. அவ ஒரு பெண்பிள்ளை. அதுவரை வெளியில் ஒருவருக்கும் அது தெரியாது. கேமில் அவ வைத்திருந்தது ஆண் பெயர். எங்களுக்குள் கதைக்கிற கோலில் மட்டும் மைக் போடுவா. மற்ற அணிகள் கேட்கிற இடத்தில் மைக் எப்போதும் பூட்டு. ஒருமுறை தவறிப் போட்டபோது மற்றப் பக்கத்திலிருந்து என்னென்ன வந்தது என்பதை இங்கே எழுத ஏலாது. தமிழிலும் வந்தது.

கொழும்புக்கு இரவு பஸ். பத்து மணிக்கு ஏறினால் விடிய முதல் புறக்கோட்டையில் இறக்கும். காலையில் போட்டி, அடுத்த இரவு திரும்பும் பஸ். அவவின் அம்மாவிடம் கேட்கப் போனோம். வாசலிலேயே நின்று கேட்டோம். "இரவு பஸ்ஸில பொம்பிளப் பிள்ளைய அனுப்ப ஏலாது தம்பி. நாளைக்கு ஊர் கதைக்கிற கதைக்கு ஆர் மறுமொழி சொல்லுறது?" என்றா.

நாங்கள் சொன்னது, "சரி அன்ரி."

இரண்டே சொல். பகல் பஸ் இருக்கு என்று சொல்லவில்லை. நீங்களும் வாங்கோ அன்ரி என்று சொல்லவில்லை. இவ இல்லாமல் நாங்கள் தெரிவாகியே இருக்க மாட்டோம் என்று சொல்லவில்லை. அவ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. திரும்பி வாற வழியிலேயே அடுத்த ஆளை யோசித்தோம். எங்களில் ஒருவரின் மச்சான் பெடியன், இரண்டு கிழமைப் பயிற்சி. பஸ் ஏறினோம்.

மண்டபத்தில் விதிமுறையைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னார்கள். பாதி விளங்கியது. பக்கத்து மேசைக் குருநாகல் பெடியன் எங்கட முழியைப் பார்த்துவிட்டு, போனில் மொழிபெயர்த்துக் காட்டினான். பிறகு போனை வைஃபையில் போட்டோம். பிங் 41. நாலு பேருக்கும் பச்சை. எங்கட வாழ்க்கையில் அப்படிப் பச்சை கண்டதில்லை. கரண்ட் போகாது, டவர் நிரம்பாது. சாட்டுச் சொல்ல ஒன்றுமே இல்லை.

16 அணிகளில் 13ஆவதாக வந்தோம். மச்சான் பெடியனைக் குறை சொல்லவில்லை, அவனால் முடிந்ததைச் செய்தான். நாலாவது ஆட்டத்தில் ஒரு வீட்டுக்குள் மூன்று அணிக்கு நடுவில் மாட்டினோம். அந்த நேரம் வழமையாக அவவின் குரல் வரும், "பொறுங்கோ, அவங்கள் ரெண்டு பேரும் முதல் அடிபடட்டும்" என்று. ஒருவரும் சொல்லவில்லை. வெளியில் பாய்ந்தோம், முடிந்தது.

அவ வீட்டிலிருந்து யூடியூப் நேரலையில் பார்த்தவ. மூன்றாவது ஆட்டத்தோடு டேட்டா முடிந்துவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது அவவின் மெசேஜ் வந்தது: "எத்தினையாவது?" பதில் போட எங்களுக்கு ஹபறணை வரை எடுத்தது.

3 மில்லிசெக்கன் கணக்கு அண்டைக்குத்தான் உடைந்தது. கேபிளுக்கு 260 கிலோமீற்றர் ஒன்றுமே இல்லை. இரவு பஸ்ஸுக்கு அது ஏழு மணித்தியாலம், மொழிக்கு இன்னும் கூட. அவவுக்கு, கொழும்பு அந்த வாசல் கதவடியிலேயே நின்றுவிட்டது. அந்தத் தூரத்தில் ஒரு பங்கு நாங்கள் போட்டது. இந்தக் கட்டுரையை எழுதுகிற "நாங்கள்" என்பதில் அவவும் இருக்கிறா. இந்தப் பகுதியை வாசித்து, "சரி அன்ரி எண்டு சொன்னதையும் போடுங்கோ" என்று சொன்னது அவதான்.

*

பஸ்ஸில் வரும்போது எங்களில் ஒருவர் பாகிஸ்தான் கதை இரண்டைச் சொன்னார்.

ஒன்று சுமைல் ஹசன். கராச்சிப் பெடியன். நெட் கஃபேயில் இன்னும் கொஞ்ச நேரம் விளையாடுவதற்காகத் தன் சைக்கிளை விற்றவன். குடும்பத்தோடு அமெரிக்கா போய், 2015இல் 16 வயதில் ஈவில் ஜீனியசஸ் அணியோடு த இன்டர்நெஷனல் வென்றான். முதல் பரிசு 66 லட்சம் டொலர். இந்தக் கதை எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் அதில் அமெரிக்கா இருக்கிறது.

மற்றது அர்ஸ்லான் ஆஷ். லாகூர்க்காரர், டெக்கன் விளையாடுபவர். 2019 பெப்ரவரியில் ஜப்பானில் நடந்த ஈவோ ஜப்பானுக்குப் போகும் வரை வெளியுலகில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. விசா, விமானம் என்று அலைந்து போய்ச் சேர்ந்தவர், கொரிய, ஜப்பானிய ஆக்களையெல்லாம் தாண்டி வென்றார். அதே ஓகஸ்டில் லாஸ் வேகஸில் ஈவோவும் வென்றார். அதைவிட முக்கியம், எங்கட நாட்டில் என்னைப் போலவே இன்னும் பலசாலிகள் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னது. பெருமைக்குச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். பிறகு கொரியாவின் பெயர்பெற்ற வீரரே பாகிஸ்தானுக்குப் போய் விளையாடிப் பார்த்தார். உண்மைதான்.

லாகூரில் இருந்தது சம்பளமோ, பளபளப்பான பயிற்சி வீடோ இல்லை. நல்ல ஆட்டக்காரர்கள் ஒரே இடத்தில் கூடி, தினமும் ஒருவரையொருவர் அடித்து, தோற்று, பிழையைச் சொல்லிக்கொண்ட அறைகள். ஒரு ஆள் உருவாகவில்லை, ஒரு கூட்டம் உருவாகி அதிலிருந்து ஒரு ஆள் வெளியில் வந்தார். எங்களுக்குத் தேவையானது கொழும்பு மண்டபம் இல்லை, முதல் அப்படி ஒரு அறை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நாங்களே ஒரு போட்டி வைத்தோம். எட்டு அணிகள். உப்புவெளி, பாலையூற்று, சீனக்குடா, மூதூர், கிண்ணியா என்று வந்தார்கள். தமிழ், முஸ்லிம், சிங்களப் பெடியள் எல்லாரும் இருந்தார்கள். விதியை ஒரே தாளில் தமிழிலும் சிங்களத்திலும் அடித்துக் கதவில் ஒட்டினோம். சிங்களத்தில் இரண்டு எழுத்துப்பிழை, சீனக்குடாப் பெடியன் ஒருவன் பேனையால் திருத்திவிட்டான். அணிக்கு 1,000 ரூபா நுழைவு, முதல் பரிசு 5,000. காலை ஒன்பதுக்குத் தொடங்கி நாலரைக்கு முடித்தோம். அந்த நேரத்தைக் காரணத்தோடுதான் வைத்தோம். பெற்றோர் வந்திருக்க இருபது கதிரை போட்டோம்.

பதினொரு பேர் வந்தார்கள். அதில் அவவின் அம்மாவும்.

இரண்டு அணிகளில் பெண்பிள்ளைகள் விளையாடினார்கள். எங்கட அணிக்கு அண்டைக்கு அவதான் தலைவர். ஒரே மண்டபத்தில் மைக் பூட்டி வைத்துப் பிரயோசனம் இல்லை, எல்லாருக்கும் நேரே கேட்கும். முதல் ஆட்டம் மெதுவாகத்தான் கதைத்தா. இரண்டாவது ஆட்டத்தில் வட்டம் சுருங்கும்போது, "இடப்பக்கம் வேண்டாம், கல்லுக்குப் பின்னால ரெண்டு பேர், பொறு, பொறு, இப்ப போ!" என்று போட்ட சத்தத்தில் கதிரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆரும் சிரிக்கவில்லை. மூன்றாம் இடம் வந்தோம். வென்றது மூதூர். நியாயமான வெற்றி, எங்களைவிட அவர்கள் நல்லா விளையாடினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து ஒருவரையொருவர் சுட்ட ஒவ்வொரு தோட்டாவும் தீவைக் கடந்து, கடலுக்கடியால் போய், திரும்பி வந்துதான் பட்டது. மத்தியானம் டவர் திணறி எல்லாருக்கும் சிவப்பு. எட்டு அணிக்கும் ஒரே சிவப்பு என்றபடியால் ஒருவரும் சாட்டுச் சொல்லவில்லை.

அந்த மண்டபம் சம்பள அணியை உருவாக்குமா என்று கேட்டால், தெரியாது. ரியாத் அண்ணை படத்தைப் பார்த்துவிட்டு "அடுத்த முறை பரிசில ஒரு பங்கு நான் போடுறன்" என்றார். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறது. மூதூர் அணி எங்களுக்குத் தங்கட ஆட்டப் பதிவுகளைத் தருகிறது, நாங்கள் எங்கட பிழைகளை அவர்களிடம் கேட்கிறோம்.

அடுத்த மாதம் இன்னொரு தகுதிச் சுற்று. தெரிவானால் திரும்பவும் கொழும்பு. இந்த முறை ஆட்டம் தொடங்க முதலே அவவின் வீட்டுக்குப் போனோம், வாசலில் நிற்காமல் உள்ளே போய் இருந்தோம். தேத்தண்ணி வந்தது. கேட்டோம். அன்ரி கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு, "பகல் பஸ் எத்தினை மணிக்கு?" என்றா. "வெள்ளவத்தையில எங்கட தங்கச்சி இருக்கிறா, பாத்து ரெண்டு வருஷம். நானும் வாறன். ஆனா முதல் தெரிவாகுங்கோ."

சரி அன்ரி என்றோம்.